தூக்கப்பட வேண்டியவள்

ஐப்பசி நெருங்கினால் எங்கள் காலனிச் சங்கத்துக்கு ஞானம் வந்துவிடும். வருடம் முழுக்கத் தெருவிளக்குக்கும் குப்பைத் தொட்டிக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள், மழை மாதம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மனையில் கூடி, ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு வெள்ள மீட்புப் பயிற்சியை ஆரம்பிப்பார்கள். எண்பதுகளின் பிற்பகுதி அது. கீழ்க்கட்டளை ஏரிக்குக் கீழே இருந்த வயல்களை மனை போட்டு விற்ற காலனி எங்களுடையது. முதல் தெரு மேட்டில், கடைசித் தெரு பள்ளத்தில். பள்ளத்தில் மனை மலிவு என்பதால் என் வீடு கடைசித் தெருவில் இருந்தது. டீச்சர் வேலை பார்த்து, கடன் வாங்கி, மேஸ்திரியோடு மல்லுக்கட்டி நான் தனியாகக் கட்டிய வீடு. அதில் நான் தனியாகவே இருந்தேன்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் பூட்ஸும் சேர்ந்த காலிப்பரை மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். நடப்பேன் என்பதுதான் இதில் முக்கியம். தினமும் பல்லாவரத்துக்கு பஸ் ஏறி இறங்கி, மாடிப் படி ஏறி, ஒன்பதாம் வகுப்புக்கு நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு வருகிறவள் நான். காலனிக்காரர்கள் கண்ணில் அந்த நடை பட்டதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பு மட்டும்தான்.

முதல் வருடப் பயிற்சிக்கு முன்னால் சங்கச் செயலாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏதோ சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டெண்ட். வெள்ளைச் சட்டை, பவுடர் வாசனை.

“டீச்சர், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வந்து சேர்ல உக்காந்தா மட்டும் போதும்” என்றார்.

எதற்கு என்று கேட்காமல் போனேன். இரண்டு சவுக்குக் கழிகளைக் கட்டிய ஒரு பிரம்பு நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்து, நான்கு பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு, காலனியின் அத்தனை தெருவும் பார்க்க, மேட்டில் இருந்த மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோனார்கள். முன்னால் செயலாளர் விசில் ஊதிக்கொண்டு போனார். பிள்ளையார் ஊர்வலம் மாதிரி பின்னால் குழந்தைகள் கைதட்டிக்கொண்டு வந்தன. வழியில் இருந்த சின்னப் பாலம், கல்வெர்ட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு பையன் தோள் மாற்றியபோது நாற்காலி சாய்ந்து, என் புடவை முழங்காலுக்கு மேல் ஏறி, காலிப்பர் முழுவதும் வெளியே தெரிந்தது. ஒரு பெண்மணி ‘ஐயோ பாவம்’ என்று வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

அடுத்த வருடம் மாட்டேன் என்றேன். கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுங்கள், தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்று சொல்லிக்கொடுங்கள், அதற்கு வருகிறேன் என்றேன். பயிற்சி கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேஜர் சார் என்று கூப்பிடுவார்கள், மேஜர் எல்லாம் இல்லை. அவர் என்னைப் பார்த்து, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், நிதானமாகச் சொன்னார்.

“டிரெய்னிங் தூக்கறவங்களுக்கும்மா. தூக்கப்பட வேண்டியவங்களுக்கு எதுக்கு?”

அந்தப் பட்டம் என்மேல் ஒட்டிக்கொண்டது. அதைவிடப் பெரிய தொல்லை, அது அயனாவரத்தில் இருந்த என் அண்ணன் காதுக்கும் போனது. அண்ணனுக்கு நான் தனியாக வீடு கட்டியதே பிடிக்கவில்லை. ‘பொம்பளை, தனியா, அதுவும் இந்தக் காலோட’ என்று ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஆரம்பிப்பார். அவர் வீட்டுப் பின்னறை எனக்காகக் காலியாக இருந்தது. ஒரே ஒரு தடவை, நிஜமாகவே, யாராவது என்னைத் தூக்கிக் காப்பாற்ற வேண்டி வந்தால் போதும். அண்ணன் வண்டியோடு வந்து என் சாமான்களை ஏற்றிவிடுவார். வீட்டை விற்றுவிடுவார். பின்னறையில் அண்ணன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு நான் மிச்ச காலத்தைத் தள்ள வேண்டியதுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் எனக்கு மழை மேல் பயமில்லை, நாற்காலி மேல்தான் பயம்.

என் பயிற்சியை நானே வைத்துக்கொண்டேன். தூறல் போடும் சாயங்காலங்களில் காலிப்பரின் தோலில் தண்ணீர் படாமல் பாலிதீன் பை சுற்றி, சணலால் கட்டி, நீளக் குடையை ஊன்றிக்கொண்டு கடைசித் தெருவில் இருந்து பள்ளிக்கூடம் வரை நடப்பேன். எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் சரளை, கல்வெர்ட்டில் எந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறது எல்லாம் காலுக்குப் பழகியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த நடையில் நான் கற்றது ஒன்றுதான். மற்றவர்களுக்கு வெள்ளம் முழங்காலில் ஆரம்பிக்கிறது, எனக்குக் கணுக்காலிலேயே ஆரம்பித்துவிடும். அவர்கள் கிளம்பும்போது நான் கிளம்பினால் செத்தேன்.

அந்தக் கார்த்திகையில் புயல் சின்னம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. இரவெல்லாம் கொட்டியது. காலைச் செய்தியில், பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் விடுமுறை. ஆபீசுகளுக்குக் கிடையாது. அதனால் எங்கள் காலனியின் மீட்புக் குழு மொத்தமும் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டு, குடை பிடித்து ரயில் ஏறப் போய்விட்டது. தூக்கும் பையன்கள் காலேஜுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். மேஜர் சார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கயிறு, நாற்காலி, டார்ச் எல்லாம் சங்கத்து அறையில் இருந்தன. அறைச் சாவி செயலாளர் பாக்கெட்டில் இருந்தது. செயலாளர் ஆபீசில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி எடுத்தவர்களுக்கு வெள்ளம் வார நாளிலும் வரும் என்று தோன்றவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் எப்போதும் எங்கள் தெருவில் இருந்து பின்னால் இருக்கும் வாய்க்காலுக்கு ஓடும். பத்து மணிவாக்கில் அது ஓடாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் இருந்து தெருவுக்கு வர ஆரம்பித்தது, செம்மண் நிறத்தில், குப்பையும் நுரையுமாக. ஏரி நிரம்பி வழிகிறது என்று புரிந்தது. உள்ளே போய்ப் பட்டைகளை இறுக்கினேன். பையில் சர்டிபிகேட்டும் ரேஷன் கார்டும் பைபிளும் ஒரு மாற்றுப் புடவையும். வீட்டைப் பூட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. அவளுக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

“இன்னா டீச்சர், வாசப்படிக்கே தண்ணி வர்ல, அதுக்குள்ள மூட்ட கட்டிகினு கெளம்பிட்டீங்க?” என்றாள்.

“எனக்கு வந்துடுச்சு. உனக்கும் வரும். பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்பு.”

அவள் சிரித்தாள். நான் நிற்கவில்லை. நின்று விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் அவள் குரல் கேட்டது, எதிர் வீட்டைக் கூப்பிட்டு. “யக்கா, டீச்சரே கெளம்பிட்டாங்க. இன்னாவோ கீது. வா, போய்டலாம்.” அந்த ‘டீச்சரே’யில் இருந்த ‘ஏ’ எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதுதான் அவர்களைக் கிளப்பியது. ஒருத்தி குக்கரோடு, ஒருத்தி கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டு, எதிர் வீட்டம்மாள் தவணையில் வாங்கிய டிவியைத் தலையில் வைத்துக்கொண்டு, கடைசித் தெரு என் பின்னால் வந்தது. பின்னால்தான். என்னைத் தாண்டிப் போக யாருக்கும் தைரியம் வரவில்லை, எங்கே பள்ளம் என்று எனக்குத்தான் தெரியும்.

கல்வெர்ட்டில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. நான் குடையால் தட்டிப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நானும் அவள் கையை விடவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கை கொடுப்பது வேறு, தூக்குவது வேறு. பெரியவள் என் பையை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து பட்டையைத் தளர்த்தியபோது தொடை முழுக்கச் சிராய்ப்பு, ரத்தம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானத்துக்குள் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

இருட்டுகிற நேரத்தில், ரயில் நின்றுபோனதால் ஆண்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, நனைந்த காக்கைகளாக வந்து சேர்ந்தார்கள். வந்த வேகத்தில் அறையைத் திறந்து, நாற்காலியை எடுத்து, விசில் ஊதிக்கொண்டு கடைசித் தெருப் பக்கம் போயிருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தண்ணீருக்குள் பூட்டிக் கிடந்த என் வீட்டைப் பார்த்துவிட்டு, அலறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் முகம் விழுந்துவிட்டது. “ஏன் டீச்சர், நாங்க வருவோம்னு தெரியாதா? கொஞ்சம் வெயிட் பண்ணியிருக்கலாமே!” என்றார்.

வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் இருந்ததால் விட்டேன்.

தண்ணீர் வடிந்து, நான் வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு டெம்போ வந்து வாசலில் நின்றது. முன் சீட்டில் இருந்து அண்ணன் இறங்கினார். பின்னாலேயே செயலாளரும் வந்தார். அவர்தான் அண்ணன் ஆபீசுக்கு போன் செய்திருந்தார். ‘கவலைப்படாதீங்க, நம்ம பசங்க தங்கச்சியைப் பத்திரமா தூக்கிட்டாங்க’ என்று.

“போதும்மா. எல்லாத்தையும் கட்டு. ஊர்ப் பசங்க தூக்குற அளவுக்கு ஆயாச்சு, இன்னும் என்ன வீம்பு?” என்றார் அண்ணன்.

“யாரும் என்னைத் தூக்கல.”

அண்ணன் என்னை நம்பவில்லை. செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பசங்க நாற்காலியோட வந்தது நிஜம் சார்” என்றார். நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். நான் கத்துவதற்கு முன்னால், பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது.

“இன்னா சார் பேஜாரா கீது? யாரு யார தூக்குனது? டீச்சரம்மா முன்னாடி போய்கினு இருந்தாங்க, இந்தத் தெருவே அவங்க பின்னால போச்சு. என் கொழந்தைங்க மேல சத்தியம். நீங்க வந்தப்போ நாங்க ரொட்டி துன்னுகினு இருந்தோம்.”

செயலாளர் குடையை விரித்தார். அப்போது மழையே இல்லை. அவர் போன பிறகு அண்ணன் உள்ளே வந்தார். என் சிராய்ப்புக் கட்டைப் பார்த்தார், சுவரில் இடுப்பு உயரத்தில் வெள்ளம் விட்டுப்போன கோட்டைப் பார்த்தார். மறுபடியும் வெள்ளம் வந்தால் என்ன பண்ணுவாய் என்று கேட்டார். வரத்தான் செய்யும், ஏரித் தண்ணீர் ஓடும் வழியில் அல்லவா வீடு கட்டியிருக்கிறோம் என்றேன்.

வாடகை பேசி வந்த டெம்போ சும்மா நிற்பானேன் என்று, வாசலை மேடாக்க, மெயின் ரோட்டில் கொட்டிக் கிடந்த கிராவல் மண்ணை ஏற்றி வர டிரைவரை அனுப்பினேன். வந்த மண்ணைக் கடைசித் தெருவே கூடி அள்ளியது. அண்ணனும் பேன்ட்டை மடித்துக்கொண்டு கூடை கூடையாக என் வாசலில் கொட்டி மிதித்தார். போகும்போது, “கிறிஸ்துமசுக்கு வா” என்று மட்டும் சொன்னார்.

“வர்றேன். பஸ்ல வர்றேன்” என்றேன்.

காலி டெம்போ மெயின் ரோட்டில் திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு உள்ளே போய், ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பு மூட்டினேன். அதற்கப்புறம் எத்தனையோ கார்த்திகை வந்து போய்விட்டது. இதை அந்த வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன்.