ரோஸலி பிரிபில் போட்ட ஒற்றை நாற்காலி

எங்கள் எல்டர் ஃபால்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ரோஸலி பிரிபிலை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. பல வருஷம் முயன்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அவள் புவியியல் ஆசிரியை. நான், வெர்ன் ஓடகார்ட், மரவேலை சொல்லிக்கொடுப்பவன். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். என் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

பாடத்தைத் தவிர அவள் கையில் இன்னொன்றும் இருந்தது. நன்மாணவர் சங்கம்; நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளிகளில் இருப்பது. படிப்பு, தலைமை, சேவை, நடத்தை என்று அதற்கு நாலு தகுதி. மதிப்பெண் நாலுக்கு மூன்றரை இருந்தால் விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். அதற்குமேல் ஆசிரியர்கள் ஐந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ரகசியமாக வாக்களிப்போம். அந்த ஐந்து பேருக்குத் தலைவன் நான். யார் எப்படி வாக்களித்தார் என்பதை வெளியே மூச்சு விடக்கூடாது. ஆலோசகரான ரோஸலிக்கு வாக்கே கிடையாது. எங்களுக்குக் காப்பி ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளைகளின் பெற்றோர் அவளைப் பிடிக்கும் இடம், வெள்ளிக்கிழமை பொரித்த மீன் போடும் விடுதி. எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போகாதவன் ஒன்று நோயாளி, அல்லது வெளியூர்க்காரன். அதனால் தப்பிக்க வழியில்லை. ஒருமுறை டோனா என்கிற ஒரு தாய் அவள் மேஜைமுன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என் பொண்ணுக்கு மூணு புள்ளி நாலு ஒம்போது. ஒரு துளி குறைஞ்சதுக்கா ரோஸலி, பிள்ளைய வெளிய நிறுத்துவே?"

"துளிதானே டோனா? அடுத்த செமஸ்டர்ல ஏத்திடுவா. பெரிய பள்ளமா இருந்தா நானே உன்கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். அந்த எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் இப்படித் தள்ளு."

டோனா தள்ளினாள். அடுத்த செமஸ்டரில் அந்தப் பெண் ஏற்றவும் செய்தாள்.

மற்றவர் பிள்ளைகளிடம்தான் இந்தக் கறார் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுடைய மகன் ஆன்டன் விண்ணப்பம் போட்ட வருஷம், பையனுக்கு மதிப்பெண் இருந்தது, சேவை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வேண்டாம் என்று முடிவானது. ரோஸலி காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகளுக்கு அடித்த மாதிரியே 'அன்புள்ள திரு. பிரிபில்' என்று ஒரு கடிதம் அடித்தாள். உறையில் போட்டு ஒட்டினாள். அன்று இரவு, அடுப்பில் சுட்டெடுத்த கேசரோலைப் பரிமாறிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மகனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தானாம். "கேசரோல் ஆறுது, சாப்பிடு" என்றாளாம் அவள். ஆன்டன் இப்போது ஊரின் நல்ல பிளம்பர். தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் வரமாட்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்முன் ஒரு குறும்பு செய்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். பெரும்பாலும் அசட்டுத்தனமாக இருக்கும். கோழியை அவிழ்த்துவிடுவது, தலைமையாசிரியர் காருக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றுவது. போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் பள்ளிக்கு வந்தபோது ஆசிரியர் ஓய்வறை காலியாக இருந்தது. அறை முழுவதும் ஃபுட்பால் மைதானத்தின் நட்டநடுவில் இருந்தது. சோபா, தரைவிரிப்பு, குளிர்சாதனப் பெட்டி, குட்டி மேஜை, அதன்மேல் இருந்த பழைய பத்திரிகைகள்கூட அதே அடுக்கில். எங்கிருந்தோ வயர் இழுத்துக் காப்பி இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள். காப்பி சூடாக இருந்தது. நான் பனி ஈரப் புல்லில் கால் வைத்து, சோபாவில் சாய்ந்து ஒரு கோப்பை குடித்தேன். நாங்கள் போடுவதைவிட நன்றாகவே இருந்தது.

தலைமையாசிரியர் ட்ராட்மன் காப்பி குடிக்கவில்லை. பெரிய நகரமான மில்வாக்கியிலிருந்து புதிதாக வந்தவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தன்னை ஆழம் பார்க்கிறார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. ரோஸலி மைதானத்துக்கு வந்தாள். நேராகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று துடைத்திருந்தது. இரண்டு வருஷமாக ஒரு மூலையில் பூசணம் பூத்துக்கிடந்த என் ஊறுகாய்ப் புட்டியைக் காணவில்லை.

"போச்சு" என்றாள் என்னிடம் மெதுவாக. "என் சங்கத்துப் பிள்ளைங்கதான்."

"எப்படிச் சொல்றே?"

"எந்தப் போக்கிரியாவது பிரிட்ஜைத் துடைச்சு வைப்பானா வெர்ன்? உள்ள போய்ப் பாரு, ஓய்வறைத் தரையையும் துடைச்சிருப்பாங்க."

துடைத்துத்தான் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மதியத்துக்குள் சிரிப்பு நின்றது. பின்கதவுக் கேமராவில் ஒரு முகம் விழுந்திருந்தது. ஒரே ஒரு முகம். மேஜை விளக்கைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு போகும் மேரன் கிட்டில்சன்.

மேரன் சங்கத்தின் தலைவி. அப்பா பால் லாரி ஓட்டுகிறார். நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சங்கத்தின் பெயரும் ரோஸலியின் பரிந்துரையும் அதற்கு உதவியிருந்தன. சங்கத்திலிருந்து ஒருவரை நீக்கினால் பள்ளி அதைக் கல்லூரிக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும். நீக்கப்பட்டவர் மறுபடி எந்தக் காலத்திலும், எந்த ஊர்ப் பள்ளியிலும் உறுப்பினராக முடியாது. மன்னிப்பே இல்லாத விதி அது ஒன்றுதான். இடம் போய்விடுமா என்றால், போகலாம். அந்தப் 'போகலாம்' போதுமே ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுக்க.

"கூட இருந்தது யாரு?" என்று ட்ராட்மன் கேட்டார். "நான்தான் சார்" என்று மட்டும் சொன்னாள் மேரன். சோபாவையும் தனியாளாகத் தூக்கினாயா என்று கேட்டாராம். "மெதுவா தூக்கினேன் சார்" என்றாளாம்.

ட்ராட்மன் அன்றைக்கே அவளை நீக்கிவிடத் துடித்தார். அவர் அறையில் ரோஸலியோடு நானும் இருந்தேன்.

"முடியாதுங்க" என்றாள் ரோஸலி.

"முடியாதுன்னா? நான் தலைமையாசிரியர்."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நீக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஐந்து ஆசிரியர் முன்னால விசாரணை நடக்கணும். அவ தன் பக்கத்தைச் சொல்லணும். விதி புத்தகத்தை எடுத்துட்டு வரட்டுமா, மனப்பாடமாவே சொல்லட்டுமா? வியாழக்கிழமை கடைசி மணி அடிச்சதும் நூலகத்துல வெச்சுக்கலாம். நீங்களும் வாங்க, காப்பி உண்டு."

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். மேரனை உட்கார வைத்து மற்றவர்கள் பெயரை வாங்கு, பழி பிரிந்தால் தண்டனையும் லேசாகும், எல்லோரையும் நீக்கினால் சங்கமே இருக்காது என்பது ட்ராட்மனுக்கும் உறைக்கும் என்றேன். நியாயமான யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"கேட்க மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவா. அப்புறம் வாழ்க்கை பூரா அதை நினைச்சுட்டு இருப்பா. மத்தவங்க தானா வரட்டும்."

"பதினேழு வயசுப் பிள்ளைங்க. பட்டமளிப்புக்கு ரெண்டு வாரம் இருக்கு. தானா வருவாங்களா? உனக்கு என்ன பைத்தியமா ரோஸலி?"

"பந்தயம் கட்டறியா? வியாழக்கிழமை அந்தப் பொண்ணு தனியா உட்கார மாட்டா. ஒரு புட்டி பிராந்தி."

கட்டினேன். எரிச்சலில் கட்டினேன். ஒரு பிள்ளையின் எதிர்காலம் தொங்கிக்கொண்டிருக்கும்போது பந்தயம் கட்டுகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது?

செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டம். ரோஸலி கோடை விடுமுறை முகாம் பற்றிப் பேசினாள், ரத்ததான முகாமில் உழைத்தவர்களுக்கு நன்றி சொன்னாள். கடைசியில், சாதாரணக் குரலில், "வியாழக்கிழமை மேரனுக்கு விசாரணை. நூலகத்துக்கு வெளிய நடைபாதைல அவளுக்காக ஒரு நாற்காலி போட்டிருக்கேன். மத்த நாற்காலியெல்லாம் ஸ்டோர் ரூம்ல இருக்கு, பூட்டலை" என்றாள். அவ்வளவுதான். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். மேரன் ஜன்னலைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை கடைசி மணி அடித்தது. நாங்கள் ஐந்து பேரும் நூலகத்தில் உட்கார்ந்தோம். கதவுக் கண்ணாடி வழியாக நடைபாதை தெரிந்தது. மேரன் ஒற்றை நாற்காலியில், முழங்காலைச் சேர்த்து வைத்து, தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிப்போகும் பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்காக வருத்தமாக இருந்தது, ரோஸலிமேல் கோபமாக வந்தது. அவளோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நேரமாகுது" என்றார் ட்ராட்மன்.

"சர்க்கரை எத்தனைங்க?" என்றாள் ரோஸலி.

அப்போதுதான் கேட்டது, மடக்கு நாற்காலிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். சங்கத்துப் பையன் வேட் லுண்ட்கிரென் முதலில் வந்தான். கையில் இரண்டு நாற்காலி. ஒன்றை மேரன் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தான். இன்னொன்றை அடுத்துப் போட்டான். கதவைத் திறந்து நான் கேட்டேன்: "இது யாருக்குடா?"

"ட்ரினாவுக்கு, மிஸ்டர் ஓடகார்ட். பல் டாக்டர்கிட்ட போயிருக்கா. வந்துட்டே இருக்கா, ஆரம்பிச்சிடாதீங்க."

அவனுக்குப் பின்னால் ஒருவர், இருவர், மூவர். நடைபாதை நாற்காலியால் நிறைந்தது. கடைசியாக வந்த குள்ளப் பையன் மூச்சு வாங்கினான்.

"நான் அன்னிக்கு எழுந்திருக்கவே இல்ல சார், அலாரம் கேக்கல. ஆனா காப்பி மெஷினை ஓடவிடற ஐடியா என்னுது."

"உட்காரு" என்றேன். வேறு என்ன சொல்வது? மேரன் அழுதுகொண்டே அவன் தோளில் குத்தினாள். ட்ரினா வாயில் பஞ்சோடு வந்து சேர்ந்தாள்.

நான் பிராந்திக் காசை எண்ணத் தயாரானேன். அப்போது ரோஸலி காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். சுவரோரம் மடக்கி வைத்திருந்த ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். பிள்ளைகள் வரிசையின் கடைசியில் விரித்து உட்கார்ந்தாள்.

"மிஸஸ் பிரிபில், என்ன செய்யறீங்க?" என்றார் ட்ராட்மன்.

"நீங்க ஒண்ணு கேக்க மறந்துட்டீங்க. பூட்டு உடையல. கதவு எப்படித் திறந்துச்சு? என் சாவி. ரத்ததான முகாமுக்கு விடியக்காலைல மேஜை போடணும்னு மேரன்கிட்ட நான்தான் கொடுத்தேன். திருப்பி வாங்க மறந்துட்டேன். பள்ளிச் சாவியைப் பிள்ளைங்க கைல கொடுக்கக்கூடாதுங்கறது பள்ளி விதி. இன்னிக்கு நான் ஆலோசகர் இல்ல. என்னையும் இவங்களோட சேர்த்து விசாரிங்க. ஆலோசகர் பொறுப்பைப் பறிக்கறதுன்னாலும் பறிச்சுக்கங்க."

மேரன் எழுந்து நின்றுவிட்டாள். "மிஸஸ் பிரிபில், சாவியப் பத்தி நான் யார்கிட்டயும்..."

"தெரியும்டி. நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். அதனாலதான் நான் சொல்றேன். உட்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பிள்ளையும் வராமல் போயிருந்தாலும் மேரன் அன்று தனியாக உட்கார்ந்திருக்க மாட்டாள். இந்த நாற்காலி காலையிலிருந்தே சுவரோரம் காத்திருந்தது. என்னிடம் பந்தயம் கட்டும்போதே ஜெயித்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறாள். பிள்ளைகள்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை பொய்யில்லை; ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு பெண்ணை நடைபாதையில் விட்டுவைக்கிறவள் அல்ல அவள். என் கண் கலங்கியது. மரத்தூள் என்று சொல்லிக்கொள்ள அங்கே மரத்தூளும் இல்லை.

விசாரணை நெடுநேரம் நடந்தது. நான் எப்படி வாக்களித்தேன் என்று சொல்ல மாட்டேன், விதி அப்படி. முடிவை மட்டும் சொல்லலாம். யாரும் நீக்கப்படவில்லை. எல்லோருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. பள்ளி முடியும்வரை தினமும் ஓய்வறையைச் சுத்தம் செய்து காப்பி போட வேண்டும். கல்லூரிக்கு எழுத ஒன்றும் இல்லை. ட்ராட்மன் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஓய்வறையில் மேரன் போட்ட காப்பியை இரண்டு கோப்பை குடித்தார்.

எச்சரிக்கைக் கடிதங்களைத் தலைவன் என்ற முறையில் நான்தான் அடித்தேன். ஒன்று கூடுதலாக அடித்தேன். உறையில் போட்டு ஒட்டி, என் வீட்டுக் குழாயைப் பார்க்க வந்த ஆன்டனிடம் கொடுத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிராந்திப் புட்டியோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் ஆன்டன் அம்மாவிடம் உறையை நீட்டினான். அவள் கிழித்தாள். 'அன்புள்ள திருமதி பிரிபில்' என்ற முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது. நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

"கேசரோல் ஆறுதும்மா" என்றான் ஆன்டன். "சாப்பிடு."