அம்மன் அக்கரைக்குப் போன ஆடி

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னால் நான் இருபது வரி எழுதுவேன். பதுளையில் இருப்பவர்களுக்கே எங்கள் ஊர் பெயர் சட்டென்று ஞாபகம் வராது என்பது வேறு விஷயம். ஹாலிஎலயில் பஸ் மாறி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தால் திடீரென்று ஒரு குளம் வரும். அதன் மேற்குக் கரையில் ஒரே ஒரு கடைவீதி, அம்மன் கோயில், விகாரை, பள்ளிவாசல், ஒரு பேக்கரி. டவுன் அவ்வளவுதான். கிழக்குக் கரையில் மலை முழுக்கத் தேயிலை, நடுவில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தகரக்கூரை லயங்கள்.

குளம் ஒன்று, சரித்திரம் மூன்று. விகாரைப் பக்கத்தார் ஒரு ராஜா வெட்டியது என்பார்கள். கடைவீதியில் நாங்கள், ஃபெக்டரிக்குத் தண்ணீர் வேண்டி ஒரு வெள்ளைக்காரத் துரை வெட்டியது என்போம். தோட்டத்தில் கேட்டால், "எங்க பாட்டன்மாரு வெட்டுனதுங்க" என்பார்கள். ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் மூன்றையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ராஜாவும் துரையும் தங்கள் கையால் மம்பட்டி பிடித்திருக்கமாட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த வருஷம் அப்பா இந்தியாவுக்குப் போய் வந்தார். அம்மாவுக்கு இரண்டு புடவையும், ஊருக்கு ஒரு யோசனையும் கொண்டுவந்தார். யோசனையின் பெயர் தெப்பத் திருவிழா. அப்பாவுக்குக் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை; கோயில் தலைவரும் அவர்தான். மதுரையில் சாமி தண்ணீரில் வலம் வந்ததைச் சொல்லிச் சொல்லியே ஊருக்கே கிறுக்குப் பிடிக்க வைத்துவிட்டார். நம்மிடம்தான் குளம் இருக்கிறதே! ஆடித் திருவிழாவின் கடைசி நாள் தெப்பம் என்று முடிவாகிவிட்டது. மதுரைக்காரர்கள் தை மாதத்தில் தெப்பம் விடுகிறார்கள், எங்கள் ஊவா மலைப்பக்கத்தில் ஆடி மாதம் காற்று மனிதனையே தள்ளிக்கொண்டு போகும் என்பதையெல்லாம் யார் யோசித்தார்கள்?

திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் நாலைந்து பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தெப்பத்துக்கு வேண்டிய மூங்கிலை அவர்கள்தான் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள். நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது தலைவர் கேட்டார்.

"இந்த வருஷமாச்சும் தேரு நம்ம லயத்துப் பக்கம் ஒருநட வரணுங்க."

"வரலாந்தான். ரோடு சரியில்லையே. ஒரு வேன்கூட ஒழுங்காப் போகாது" என்றார் அப்பா.

"கொழுந்து லொறி போகுதுங்களே."

"லொறி வேற, சாமி வேற."

தலைவர் சிரித்து, "சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பா எவ்வளவு அழகாகப் பதில் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தெப்பத்தைக் கட்டியவர் சித்தப்பா. நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள், அவற்றின்மேல் மூங்கில், அதன்மேல் பலகை, நாலு மூலையிலும் வாழை, உச்சியில் சிவப்புப் பட்டு விதானம். தெப்பத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. பொம்பளைப் பிள்ளை தெப்பத்தில் ஏறக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் தரையில் விழுந்து புரண்டு அழுத அழுகையில், "ஏத்தித் தொலைங்கப்பா" என்று ஐயரே சொல்லிவிட்டார். ஆக அம்மன், ஐயர், சித்தப்பா, நாதஸ்வரக்காரர், நான்.

கரையில் நின்று இரண்டு வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். தெப்பம் நகர்ந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! கடைவீதியே தண்ணீரில் தலைகீழாக ஆடியது. என் வகுப்புப் பிள்ளைகள் கரையில் நின்று பொறாமையில் வெந்தார்கள். நான் ராணி மாதிரி கையசைத்தேன்.

முதல் சுற்று முடியவில்லை, காற்று வந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்கள் தெப்பம் எந்த மூலை! பட்டு விதானம் புடைத்து எழும்பியது. வடம் பிடித்தவர்களின் உள்ளங்கை எரிந்து ஒருவர் விட, எல்லோரும் விட்டார்கள். தெப்பம் நேரே கிழக்கே பார்த்து ஓடத் தொடங்கியது.

ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு, "அம்மா தாயே" என்று தமிழுக்கு வந்துவிட்டார். சித்தப்பா ஃபோனில் யாரிடமோ கத்தினார். மறுமுனையில் இருந்தவர் கரையில் கண்ணெதிரே நின்று பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரரிடம் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமா? கொஞ்சமும் இல்லை. "இன்னும் வேகமா! இன்னும் வேகமா!" என்று குதித்தேன். சித்தப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அக்கரையில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக்கொண்டிருந்த நேரம். முதலில் ஒரு பெண் பார்த்தாள். பிறகு மலையே இறங்கி ஓடிவந்தது. கூடையோடு ஓடிவந்தார்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்தார்கள். "அம்மன் வருது! நம்ம பக்கந்தான் வருது!" என்ற சத்தமும் குலவையும் காற்றை எதிர்த்து எங்களிடம் வந்தன. ஆண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கித் தெப்பத்தைப் பிடித்துக் கரையேற்றினார்கள். அம்மனை வைக்க அங்கே மேடை ஏது? கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே பலகை போட்டு, துவைத்துக் காயப்போட்டிருந்த ஒரு கலியாணப் புடவையை விரித்து, அதில் எழுந்தருளப் பண்ணினார்கள். எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கற்பூரம்!

முதல் தேங்காய் உடைவதற்குள் ரோட்டில் தூசி கிளம்பியது. எங்கள் கடை லொறி, பின்னால் பேக்கரி வேன், அதன் பின்னால் இன்னும் வேன்கள், ஆட்டோக்கள். குளத்தைச் சுற்றிக்கொண்டு டவுன் முழுவதும் வந்துவிட்டது. குலவை நின்றது. எல்லோரும் அந்த வண்டிகளையே பார்த்தார்கள். இவ்வளவு வண்டிகளை ஒன்றாகப் பார்த்திராத அதிசயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தலைவர் முன்னால் வந்து அப்பாவைக் கும்பிட்டார். "ரோட்டுல வரக் கஷ்டமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு மரியாதை.

அப்பா என்னைத் தூக்கி, கை கால் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தடவினார். பிறகு, "காத்து நிக்காது. தெப்பம் திரும்பாது. அம்மனை லொறியில ஏத்திருவோம்" என்றார்.

"லொறி வேற, சாமி வேறன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றார் தலைவர். "தோள்ல தூக்கிட்டு வர்றோமுங்க. லயத்து வழியாத்தான வரணும்."

அப்பா மாட்டேன் என்று சொன்னால் அவ்வளவுதான், அம்மன் லொறியில் ஏறி அரை மணி நேரத்தில் கோயிலுக்குப் போய்விடும். எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் எனக்கு ஊர்வலம் பிடிக்கும். அப்பா கூடை மேடையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி லொறிக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்த ஊர்வலம் போல் ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு லயத்து வாசலிலும் தண்ணீர் தெளித்து, அவசர அவசரமாகக் கோலம் போட்டார்கள். பூ இல்லாதவர்கள் தேயிலைக் கொழுந்தையே பூவாகத் தூவினார்கள். தப்பு மேளம் அடித்தார்கள்; எங்கள் நாதஸ்வரக்காரர் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறி, கடைசியில் சிரித்துவிட்டார். ஒரு வீட்டில் எனக்கு ரொட்டியும் சம்பலும் தந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மனிதரை நாற்காலியோடு தூக்கிவந்து காட்டினார்கள். அப்பா வெறுங்காலோடு பின்னால் நடந்து வந்தார்.

என் வயதுப் பிள்ளை ஒருத்தி முதல் லயத்திலிருந்தே என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோட்டத்து எல்லை வந்ததும் நின்றாள்.

"இனி எப்ப வருவீங்க?"

நான் அம்மனோடு தெப்பத்தில் வந்தவள் அல்லவா? எனக்குத் தெரியாத பதிலா?

"எப்ப காத்தடிச்சாலும் வருவோம்" என்றேன்.

அவள் ஓடிப்போய் அதைத் தன் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் வந்த அப்பா என் கையை வலிக்கும்படி இறுகப் பிடித்தார். நான் கெட்டிக்காரத்தனமாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று புரிந்துகொண்டேன். வீடு வந்து சேரும்வரை, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.