எழுத்தக்காவும் ஷேவிங் கிரீமும்

எழுத்தக்கா கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறையைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, உள்ளே கணவரின் ஷேவிங் கிரீமை அடைத்திருந்தாள். இடது கை தட்டைப் பிடித்திருக்க, வலது கை கூம்பைப் பிழிந்தது. 'வா' சரியாக வந்தது. 'ழ்' வரும்போது அதன் வால் நடுங்கி இரண்டாகப் பிளந்தது. அடக்கியிருந்த மூச்சை விட்டாள், இருமினாள், ஈரத்துணியால் தட்டைத் துடைத்தாள். மறுபடியும் 'வா'.

நான் எதிரே உட்கார்ந்து அவளுடைய மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தேன். நோயாளிகளை வீட்டில் கவனித்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். தினமும் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அங்கே எனக்கு வேலை.

பத்தொன்பது வருடமாக ஒரு பேக்கரியில் கேக்குகளின் மேல் பெயரும் வாழ்த்தும் எழுதியவள் அவள். அதனால்தான் எழுத்தக்கா. மூச்சை இழுத்து அடக்கினால் தோள் ஆடாது, தோள் ஆடாவிட்டால் கை ஆடாது. எவ்வளவு நீளமான பெயரையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பாள். சாப்பாட்டுப் பொருளைத் தொடுகிறவர்கள் வருடம் ஒருமுறை உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்காக எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. அந்த மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கீமோ தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிகரெட் தொடாதவளுக்கு எப்படி வந்தது? டாக்டர் தெரியாது என்றார். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணவரைக் கேட்டால், பேக்கரி மாவுத் தூசி.

நாத்தனார் வாரம் தவறாமல் போனில் சொல்வாள்: "கொடுத்து வெச்சவடி நீ! எத்தனை பேருக்கு முத்திப்போனப்புறம்தான் தெரியுது!"

"ஆமாங்க அக்கா" என்று போனை வைத்துவிட்டு எழுத்தக்கா என்னைக் கேட்டாள்: "அதிர்ஷ்டக்காரி அழக்கூடாது, இல்லம்மா?"

"தாராளமா அழு. கூடவே கொஞ்சம் சளியும் வெளியே வரும்" என்றேன்.

கணவர் பஸ் டிப்போவில் வண்டிகளின் புறப்பாடு, வருகை நேரம் குறிக்கும் டைம்கீப்பர். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிடுவார். சளி இருமலோடு யாரும் உள்ளே வந்துவிடக்கூடாதாம். இன்னொரு சாவி என்னிடம். ஜன்னல் கண்ணாடிகளின் இடுக்கில் தூசி நுழையாதபடி செய்தித்தாள் ஒட்டியிருந்தார். வீடு பட்டப்பகலிலும் மங்கலாகவே இருக்கும். சுவரில் அவர் கையால் எழுதிய கால அட்டவணை: 9.10 மூச்சுப் பயிற்சி, 9.25 ஓய்வு, 10.40 ஓய்வு, 11.30 ஓய்வு.

"ஓய்வு எடுக்கிறதுக்கு நடுவுல கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாமான்னு அவரைக் கேளுங்க" என்பாள் எழுத்தக்கா.

ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டுவது தப்பு என்று முதல் வாரமே அவரிடம் சொன்னேன். "தீப்பிடிச்சா என்ன பண்ணுவா தம்பி?"

"அடுப்பையே பத்த வைக்க விடுறதில்ல நர்ஸம்மா, எப்படித் தீப்பிடிக்கும்?"

நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஷேவிங் கிரீம் விஷயத்தில் மட்டும் அவர் குழம்பிப்போயிருந்தார். "பத்து நாள்ல ஒரு டியூப் காலி. எனக்கு இருக்கிறது மூஞ்சியா, கரடித் தோலா?"

"நுரை ஜாஸ்தியா போடுறீங்க போல" என்றாள் அவள், தட்டை அலமாரிக்குள் தள்ளிக்கொண்டே.

பேக்கரி முதலாளி இந்த மாதக் கடைசி வரை அவள் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். "இன்னும் தரல" என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாதம் முடிய இரண்டே நாள்தான் இருந்தது.

அன்று மாத்திரை டப்பாவை மூடிவிட்டு, அடுத்த ஸ்கேன் தேதியைப் பார்க்கலாமென்று ஸ்கேன் கவரைப் பிரித்தேன். படங்களுக்கு நடுவே டாக்டரின் கடிதம் இருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, மாவு சலிக்கும் அறைக்குள் போகாமல், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காமல், முதலில் அரைநாள் மட்டும் வேலை செய்யலாம். தேதி பன்னிரண்டு நாள் பழையது.

அவளுடைய கடிதத்தை அவளிடம் கொடுக்க யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? தட்டின் பக்கத்தில் வைத்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அது அங்க இருக்கிறது தெரியும்மா."

"எப்படி?"

"படத்தை தினமும் எடுத்துப் பாப்பேன். பாத்ரூம் லைட்டுக்கு நேரா பிடிச்சா நல்லாத் தெரியும். அந்தக் கவரைத் தொட எனக்குப் பயம்னு நெனச்சு அதுலயே ஒளிச்சு வெச்சிருக்காரு. பயம் அவருக்குத்தான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்துடுவாரு. குடுத்துட்டா போகணும்." பிளந்து கிடந்த 'ழ்'வைக் காட்டினாள். "போய் இதையா எழுதறது? பத்தொன்பது வருஷமா கோணாத கைம்மா இது."

வெளியே ஒரு பூட்டு இருப்பது எனக்குத் தெரியும். உள்ளேயும் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"முதல்ல மூச்சை அடக்கறதை விடு" என்றேன். "நுரையீரல் ஆபரேஷன் ஆனவங்களுக்கு நாங்க சொல்லிக்குடுக்கிற முதல் பாடம் அதுதான். எந்திரிக்கிறதோ, படி ஏறுறதோ, உதட்டைக் குவிச்சு மூச்சை வெளியே விட்டுக்கிட்டே செய்யணும். எழுதுறதும் அப்படித்தான். மூச்சு தீர்ந்துச்சா, கையைத் தூக்கு. இழு. அடுத்த எழுத்துக்குப் போ."

"கையைத் தூக்கினா ஒட்டுத் தெரியுமே!"

"யாருக்கு? கேக்கை வெட்டத்தானே போறாங்க, சட்டம் போட்டு மாட்டவா போறாங்க?"

நான் என்னவோ சாபம் கொடுத்ததுபோல் பார்த்தாள். ஆனாலும் எழுதினாள். ஏழாவது தடவை 'ழ்'வின் வால் பிளக்காமல் முடிந்தது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் கூடியிருந்தது.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்றாள்.

"பல்லு விழுந்த வாயாலதான் நான் சாப்பிடறேன்."

இரண்டு மணிக்குக் கணவர் வந்தார். இந்த முறை அவள் தட்டை மறைக்கவில்லை. கடிதமும் அங்கேயே கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவங்களை ஏன் பாக்குறீங்க? என் கடுதாசி. பன்னெண்டு நாளா ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

"அந்த மாவுதான் உன்னை இப்படிப் பண்ணுச்சு."

"டாக்டர் சொன்னாரா?"

"எதனாலன்னு அவருக்கே தெரியல. தெரியாதப்போ எல்லாத்தையும்தானே பூட்டணும்? உன்னைக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்தி எங்க வெச்சிருக்கீங்கன்னு பாருங்க."

அவர் பார்த்தார். செய்தித்தாள் ஒட்டிய ஜன்னல், அட்டவணை, கடைசியாகத் தட்டு. குனிந்து முகர்ந்தார். "இது என் ஷேவிங் கிரீமா?"

"ஆமா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றப் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இதற்குமேல் அது அவர்கள் இருவர் பாடு.

மறுநாள் எட்டு மணிக்குப் போனபோது சாவிக்கு வேலை இருக்கவில்லை. பூட்டு திறந்தபடி கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு நேரே நாற்காலியில் எழுத்தக்கா உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு, மடியில் பை, கையில் மாஸ்க்.

"எப்ப இருந்து இப்படி?"

"அஞ்சரைல இருந்து. பூட்டுற சத்தத்தையே காணோம்."

"போக வேண்டியதுதானே?"

"கால் வரலம்மா."

அட்டவணையைப் பார்த்தேன். காலை நேர ஓய்வுகளைக் கணவர் பென்சிலால் அடித்திருந்தார். பக்கத்தில்: '9.25 புறப்பாடு. 1.30 வருகை.' வருகையின் கீழே மட்டும் இரண்டு கோடு.

முதலில் மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுத்து உருண்டைகளை மேலே ஏற்றும் கருவியில் இரண்டு ஏறின, மூன்றாவது வழக்கம்போல் ஏறவில்லை. மாத்திரை கொடுத்தேன். ஒன்பது இருபத்தைந்துக்கு அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். மாடியிலிருந்து தெருவுக்கு நாற்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, உதட்டைக் குவித்து ஊதி, பிறகு இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் திரும்பி மேலே பார்த்தாள். நான் அவசரப்படுத்தவில்லை, பின்னால் போகவும் விடவில்லை.

பேக்கரி முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார். மாவு அறையிலிருந்து தள்ளி, வாசல் பக்கமாக மேசையைப் போடச் சொன்னார். எழுத்தக்கா மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு கூம்பை எடுத்தாள். முதல் கேக்கில் நான்கு இடத்தில் கையைத் தூக்கினாள். முடித்ததும் அதைச் சற்று நேரம் பார்த்தாள். நுனியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்து, இரண்டாவது கேக்கை இழுத்தாள்.