செஞ்சி உச்சியில் சித்தி பார்த்த கடல்

இன்று என் பெயரில் மூன்று விசைப்படகுகள் ஓடுகின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிங்கப்பூர் பார்த்தாயிற்று, காசி பார்த்தாயிற்று. ஆனாலும் நான் வாயடைத்துப் போய் நின்றது ஒரே ஒரு நாள்தான். சின்னப் பையனாக, செஞ்சி மலையின் அடியில்.

அந்தப் பயணமே சித்திக்காகத்தான். அம்மாவின் தங்கை. சித்தப்பா புயலில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டுமரம் கரை ஒதுங்கியது, ஆள் வரவில்லை. சித்தி பூவையும் பொட்டையும் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னவர்களோடு பேசவும் இல்லை. விடிந்தால் திருவொற்றியூர்க் கரையில் போய் நின்றுவிடுவாள். அம்மா போய் அழைத்து வந்தால்தான் சோறு. ஒரு நாளாவது கடலை மறக்கட்டும் என்று, காலடிப்பேட்டையிலிருந்து புறப்பட்ட சுற்றுலா பஸ்ஸில் அப்பா எங்களை ஏற்றினார். பஸ்ஸோடு ஒரு கைடும் வந்தார்.

முதலில் மண்டகப்பட்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, பாறையைக் குடைந்தே செய்த கோயில் என்று கைடு சொன்னதும் அப்பா தூணைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடுத்து சிங்கவரம். படியேறி உள்ளே போனால், இருட்டில் பாறையே பெருமாளாகப் படுத்திருந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சித்தி மட்டும் கைடிடம் கேட்டாள்: "இவுரு படுத்துகினு கீறது கடல்லதானே?"

ஆமாம், பாற்கடல் என்றார் அவர். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறக்கடிக்கக் கூட்டி வந்த இடத்தில் சாமியே கடலில் கிடந்தது.

பிறகு செஞ்சி. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் கோயில் கோபுரமும் எண்ணூர்ப் புகைபோக்கியும்தான். இந்த மலையோ, யாரோ கூடை கூடையாகப் பாறையைக் கொட்டியதுபோல வானத்தில் ஏறி நின்றது. அதன் தலையில் ஓர் ஊரே இருந்ததாம். கோயில், களஞ்சியம், சுனை. மேலே ஏறியதும் களஞ்சியத்துக்குள் நான் கத்தினேன். என் குரல் பெரிய ஆளின் குரலாகத் திரும்பி வந்தது. இதில் எவ்வளவு கருவாடு அடுக்கலாம் என்று அப்பா வியந்தார். உச்சியில் நின்றபோதுதான் கவனித்தேன், அலைச் சத்தமே இல்லை. பிறந்ததிலிருந்து காதை விட்டுப் போகாத சத்தம். பயமாக இருந்தது.

எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் ராஜா இங்கிருந்தே பார்த்துவிடுவார் என்றார் கைடு. சித்தி கிழக்கே கை நீட்டினாள்.

"அங்க நீலமா தெர்தே, இன்னாது அது?"

"கடல்தாம்மா."

எனக்கு வந்ததே கோபம். கரையில் பிறந்தவனிடமா கதை? "அது கடலு இல்ல சித்தி, வெறும் மூட்டம். இந்தாளு டூப் வுடுறாரு" என்றேன். கைடின் முகம் சுருங்கியது.

சித்தி என் தோளை அழுத்தினாள். "கடலுதான்டா. அலை இல்ல, சத்தம் இல்ல, ஒரு கட்டுமரம்கூட இல்ல பாரு. அம்மாந்தூரம் பூட்டாரு உன் சித்தப்பா."

கொண்டையில் இருந்த பூவை அவளே எடுத்துக் கோட்டைச் சுவரில் வைத்தாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அப்பா கைடின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்: படித்த கைடையே மடக்கினேன், கடல் எது மூட்டம் எது என்று சித்திக்கே தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது. கேட்டவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.