காலி நாற்காலிகளும் ஒரு ரயில் சீட்டும்

பருவநிலை மாற்றத்துக்கு எதிரா ஊரைத் திரட்டுற வேலைக்கு முதல் தகுதி, தனியா உட்கார்ந்திருக்கத் தெரியணும். பேனர் கட்டிட்டு வாசலையே பார்த்துட்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தா, வாங்க, பக்கத்துல உட்காருங்க. கர்நாடகா முழுக்க இருக்கிற ஒரு கூட்டமைப்புக்குக் கோலார் தங்க வயல்ல நான் ஒரே ஆள். வெயிலும் வெள்ளமும் ஏழைங்க தலையிலதான் முதல்ல விடியுது, அதனால திட்டமும் அவங்ககிட்ட இருந்தே தொடங்கணும்னு அரசாங்கத்தைக் கேட்கிறது எங்க வேலை.

ஜன்னல்

பெங்களூர் ஆபீஸ்ல இருந்து போஸ்டர் வந்தது: வெயில் தாழ்ந்ததும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊரிகம் பகுதியில சுரங்கத் தொழிலாளிங்களுக்குக் கட்டின லைன் வீடுகள்ல ஒட்டப் போனேன். ஷீட் கூரை, உள்ளே அடுப்படி மாதிரி சூடு, ஆனா ஒரு ஜன்னலும் திறக்கலை. சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டி வச்ச சயனைடு மேடு பக்கத்துலயே இருக்கு. காத்தடிச்சா அந்தத் தூசி நேரா சோத்துத் தட்டுல வந்து உட்காரும். இங்கயே பொறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? புத்தி எங்க போச்சோ, பசை வாளியோட கிளம்பிட்டேன். அந்த லைன்ல குடியிருக்கிற பிலோமினா அக்கா வாளியை வாங்கி ஓரமா வச்சாங்க.

"மொதல்ல அந்த மேட்ட மூடச் சொல்லு தம்பி. ஜன்னல நான் தொறக்கறேன்."

நாற்காலி

மேட்டை மூடணும்ங்கிறதைக் கோரிக்கையில சேருங்கன்னு ஆபீசுக்குப் போன் போட்டேன். ஊர் ஜனங்க வாயால சொல்லணும், கூட்டம் போடுங்க, வீடியோவுல பார்க்கிறோம்னாங்க. அவங்களுக்குத் தோதா புதன்கிழமை பகல் பதினோரு மணி. எங்க ஊர்ல வேலைக்குப் போற ஜனம் மொத்தமும் விடியக்காலை ரயிலேறி பெங்களூர்ல இருக்கிற நேரம் அது. வரேன்னு சொன்ன பிலோமினா அக்காவும் மூச்சு இழுப்புல படுத்துட்டாங்க.

ராபர்ட்சன்பேட்டை ஹால்ல நான் மட்டும். வீட்லயும் ஒண்டி, இங்கயும் ஒண்டியான்னு நினைச்சப்போ சத்தியமா அழுகை வந்தது. வாடகைக்கு நாற்காலி போட்ட அந்தோணி மெதுவா பக்கத்துல வந்தார்.

"அண்ணே, ஒரு சேர் உங்களுக்கு வுட்டுட்டு மத்தத எடுத்துக்கினு போவட்டா?"

ஷட்டர்

மறுநாள் நானும் அந்த ரயில்ல ஏறிட்டேன். ஜனம் இருக்கிற இடத்துலதானே கூட்டம் போடணும்! வாயைத் திறந்ததும் எல்லாரும் கண்ணை மூடிட்டாங்க. அவங்க பாக்கித் தூக்கமெல்லாம் அங்கதான்.

வண்டி மேட்டுப் பக்கம் வந்தது. யாரும் யாருக்கும் சொல்லலை. அரைத் தூக்கத்துலயே பெட்டி முழுக்க ஜன்னல் ஷட்டரை இறக்கினாங்க. அதை அப்படியே போன்ல பிடிச்சேன். எதிர் சீட்டுல பிலோமினா அக்கா மகன் சேவியர். அரை நாள் லீவு சொல்லிட்டு என்கூட ஆபீசுக்கு வந்து, அம்மா மூச்சு விடத் திணறுறதைச் சொன்னான். வீடியோவையும் போட்டுக் காட்டினோம். மேட்டை மூடணும்ங்கிறது கோரிக்கையில ஏறிடுச்சு.

அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் அதே ரயில். நிக்கக்கூட இடமில்லை, கம்பியைப் பிடிச்சிட்டுத் தொங்கினேன். உள்ளேயிருந்து சேவியர் குரல் கொடுத்தான்.

"வாங்க மாமா, கர்ச்சீப் போட்டு எடம் புடிச்சி வெச்சிருக்கேன்."

மேட்டை இன்னும் யாரும் மூடலை, அக்கா ஜன்னலைத் திறக்கலை, ஆனா ஊரைச் சேர்க்கப் போன என்னை ஊர் ஒரு கர்ச்சீப் அகலத்துக்காவது சேர்த்துக்கிச்சு.