பூட்டிய கழிப்பறைக்கு ஒரு பச்சை டிக்

கவுன்சிலர் அம்மா, நீங்கள் சொன்னது பொய்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். அதற்காகவே என்னைத் திட்டி எழுதுகிறவர்களும் உண்டு. எழுதுங்கள்.

விஷயம் இதுதான். மயிலாப்பூரில் எங்கள் வார்டு கவுன்சிலர், மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியல் போடுவார். செய்து முடித்த வேலைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை டிக். தெருவிளக்கு – டிக். வடிகால் தூர் வாரியது – டிக். கொசு மருந்து – டிக். உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். நானும் கும்பிட்டிருக்கிறேன். தெருவிளக்கு நிஜமாகவே எரிகிறது... இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

ஆனால் போன மாதப் பட்டியலின் கடைசி வரி: ‘மார்க்கெட் முனை மகளிர் கழிப்பறை – பயன்பாட்டில் உள்ளது.’ டிக்.

யாருடைய பயன்பாட்டில்?

அந்தக் கழிப்பறைக்கு நேர் எதிரே பூ விற்கிறாள் செல்வி. விடிந்ததும் வந்து உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். திறப்பு விழாவுக்கு வாசலில் பூச்சரம் கட்டியதே அவள்தான். விழா முடிந்ததும் பூட்டிய பூட்டு, அப்படியே தொங்குகிறது. இப்போது அவளுக்கு நீர்க்கடுப்பு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

“குடிக்கலாம்க்கா. குடிச்சிட்டு எங்க போறது? வூட்டுக்கு வான்னு நீ கூப்புடற. மூணாவது மாடி! நான் முட்டியப் புடிச்சிக்கினு ஏறி எறங்கறதுக்குள்ள, மாடு வந்து மல்லிய மேஞ்சிட்டுப் பூடும்.”

கவுன்சிலரின் உதவியாளர் பாபுவைப் பிடித்துக் கேட்டேன். ஏம்ப்பா பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

“இன்னாக்கா நீ! தொறந்து வுட்டா ஆளாளுக்குப் போவாங்க. அழுக்காயிடும். நாளைக்கே பெரிய ஆபீசர் யாராச்சும் பாக்க வந்தா பளிச்னு இருக்க வேணாமா?”

கேட்டீர்களா நியாயத்தை? கழிப்பறை கட்டுவது ஆபீசர் பார்ப்பதற்கு. இந்தக் கணக்குப்படி, விருந்தாளி வரும்வரை என் வீட்டு பாத்ரூமையும் நான் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலையில், வார்டு மக்கள் கவுன்சிலரிடம் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம். மார்க்கெட் முனையிலேயே ஷாமியானா. மைக். ஒரு தட்டு நிறைய பிஸ்கெட். சீக்கிரமே போய்விட்டேன், சண்டை போடுகிறவர்களுக்கு முன்வரிசை முக்கியம் என்பதால். அப்போதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பாபு கழிப்பறைப் பூட்டைத் திறக்கிறான்!

திறந்து... உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுக்கிறான். அடுக்கடுக்காக. நாங்கள் உட்காருவதற்கு.

ஆக, மகளிர் கழிப்பறை பயன்பாட்டில்தான் இருந்திருக்கிறது. நாற்காலிகள் இருந்திருக்கின்றன உள்ளே.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார். “என்ன இது, சேரெல்லாம் ஃபினாயில் வாடை அடிக்கறது?”

“சுத்தமா கழுவிண்டு வந்திருப்பா, பேசாம உக்காருங்கோ” என்றார் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் எழுந்து செல்வியிடம் ஓடினேன். “ஏய், கதவு திறந்திருக்கு. இதுதான் சமயம், போ! பூவை நான் பார்த்துக்கறேன்.”

செல்வி போனாள். மூட்டு வலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். யாரோ இரண்டு முழம் கதம்பம் கேட்டார்கள். முழம் போடத் தெரியாமல், பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பாபு கடைசி நாற்காலி அடுக்கைக் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்தான். உள்ளே யாராவது இருப்பார்கள் என்று அவனுக்கு ஏன் தோன்ற வேண்டும்? இதுவரை இருந்ததே இல்லையே! பழக்க தோஷம்... பூட்டைப் போட்டான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ சொல்லக் கிளம்பிவிட்டான்.

கவுன்சிலர் மைக்கைப் பிடித்தார். தெருவிளக்கு. கைதட்டல். வடிகால். கைதட்டல். “அடுத்ததா, நம்ம தாய்மார்களோட நீண்ட நாள் கோரிக்கை. மகளிர் கழிப்பறை இப்ப முழுப் பயன்பாட்டுல...”

தட்! தட்! தட்!

“டேய் பாபு! தொறடா! உள்ள ஆள் கீதுடா!”

கூட்டம் மொத்தமும் திரும்பிக் கதவைப் பார்த்தது. கதவில் பூட்டு. பூட்டுக்குப் பின்னால் செல்வியின் குரல். பாபுவின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தாள். கவுன்சிலர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “பாபு எங்க? பாபு எங்க?” என்றார். மைக் சரியாக மூடவில்லை. தெருக்கோடி வரை கேட்டது.

டீ கேனோடு பாபு வந்து பூட்டைத் திறக்கப் பத்து நிமிஷம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள் செல்வி. அழுவாள் என்று பயந்தேன். நேராகக் கவுன்சிலரிடம் போனாள்.

“நீ சொன்னது கரெக்ட்தாம்மா. நான்தான் உள்ள போயிருந்தேன். தண்ணி வருது, லைட் எரியுது, தாப்பா கூட நல்லா கீது. ஜோரா கட்டிக் குட்த்துக்கீற. காலைல தொறந்து வுட்டு, சாயந்திரம் பூட்டிக்கம்மா. அது போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலரும் சிரித்தார். “நோட் பண்ணிக்கோ பாபு” என்றார். பாபு நோட் பண்ணிக்கொண்டான். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை உள்ளே அடுக்கினான். இந்த முறை கவனமாக, “உள்ள யாராச்சும் கீறீங்களா?” என்று குரல் கொடுத்துவிட்டுப் பூட்டினான்.

அதுதான் நடந்த ஒரே முன்னேற்றம்.

மறுநாள் குரூப்பில்: ‘பகுதி சபைக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது.’ டிக். கீழே கும்பிடும் கைகள். ‘சாவி யாரிடம்?’ என்று கேட்டேன். கவுன்சிலரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது: ‘அக்கா, நேர்ல பேசிக்கலாம்.’

நேரில் எதற்கு, கவுன்சிலர் அம்மா? நீர்க்கடுப்பு எனக்கு இல்லை. இதை எழுதும் இன்றும் செல்வி அரை பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடிக்கப் பயந்து மூடி வைத்திருக்கிறாள். அவளிடம் வாட்ஸ்அப்பும் கிடையாது.

அதனால் அதே மார்க்கெட் முனையில், அதே மைக்கில், அவள் காதில் விழும்படி பதில் சொல்லுங்கள்: அந்தப் பூட்டு என்றைக்குத் திறக்கும்?