தொட்டில் நடந்த தூரம்

எங்கள் பக்கத்து வீட்டு ஈஸ்வரியை அவள் புருஷன் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கவில்லை. அவன் கடல் தாண்டி ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான். ஆனால் எம்.ரெட்டியபட்டியில் இவள் எத்தனை எட்டு எடுத்து வைக்கிறாள் என்பது அவனுக்கு அங்கே தெரிந்துவிடும்.

ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில்தான். மகள் தீபலட்சுமி வயிற்றில் இருந்தபோது ஈஸ்வரிக்குச் சர்க்கரை வந்தது. பிள்ளை பிறந்த பிறகும் இறங்கவில்லை. தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புருஷன் செல்வக்குமார் வீடியோவிலேயே சொல்லிக்கொடுத்து, நடையை எண்ணுகிற ஆப் ஒன்றை அவள் போனில் ஏற்ற வைத்தான். தன் போனிலும் போட்டு இரண்டையும் இணைத்தான். அவன் நடை இவளுக்குத் தெரியும், இவள் நடை அவனுக்குத் தெரியும். எந்த மணிக்கு எவ்வளவு என்று கோடு கோடாக நிற்கும். "ரெண்டு பேரும் சேந்து நடக்குற மாதிரில்ல இருக்கு" என்றானாம். அன்றைக்குக் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக வருகிறது. டவுசர் போட்டுக்கொண்டு என் வீட்டு முற்றத்தில் கோலி விளையாடிய பயல் அவன்.

முதல் வம்பு தண்ணீர் வண்டியில் வந்தது. எங்கள் தெருவுக்குக் குழாய் மேற்குக் கடைசியில். பிளாஸ்டிக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போவோம். ஈஸ்வரி போட்டிருப்பது நைட்டி, அதில் ஏது பை? போனைக் குடங்களுக்கு நடுவில் செருகிவிட்டு வண்டியைத் தள்ளுவாள். வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆப்பில் ஒன்றும் ஏறியிருக்காது.

"காலையிலருந்து உக்காந்தே இருக்கியா?" என்று சாயங்காலம் அவன் கேட்பான்.

"தண்ணி எடுத்தேங்க. நாலு நடை."

"இதுல ஒண்ணும் காட்டலையே."

அவள் சொல்வதைவிட அது சொல்வதுதான் அவனுக்குப் பெரிதாகப் போயிற்று.

அடுத்த வம்பு நேர்மாறானது. ஒரு நாள் மத்தியானம் பிள்ளை தூங்காமல் படுத்தியது. மாமியார் ஆவுடைத்தாய் ஈஸ்வரியின் போனில் பாட்டு வைத்து, அதைத் தொட்டிலுக்குள் போட்டு வெகு நேரம் ஆட்டியிருக்கிறார். ஈஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். சாயங்காலம் அவன் முகமே சரியில்லை.

"உச்சி வெயில்ல அவ்வளவு தூரம் எங்க போன? பரளச்சிக்கா?"

பரளச்சி அவள் பிறந்த ஊர். பிள்ளையைத் தொட்டிலில் போட்ட விசேஷத்தன்று அவள் அண்ணன் முத்துராஜ் எல்லார் முன்னாலும் போன் வீடியோவில் இருந்த அவனைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குப் பிள்ளை முகம் பாக்கக்கூட லீவு இல்லையாக்கும்" என்று கேட்டுவிட்டார். அங்கே லீவு கேட்டால் வேலை போய்விடும் என்பது முத்துராஜுக்குத் தெரியாது. கிட்டங்கியில் செல்வக்குமார் இடுப்பிலும் ஒரு கருவி மாட்டிவிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நின்றால் அது கத்துமாம். அதை முத்துராஜிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "இனி அந்த வாசல மிதிக்கக் கூடாது" என்று ஈஸ்வரியிடம் கோபத்தைக் காட்டினான். அவனும் பாவம்தான். அதற்காக இவளைப் போட்டு வறுக்க வேண்டுமா?

தொட்டில் ஆடியதைச் சொன்னால் அவன் நம்பவில்லை. ஈஸ்வரி போனைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். செல்போன் கடை மாரிக்கண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"சார்ஜ மிச்சம் பிடிக்கணும்னு போனே இந்த ஆப்ப அப்பப்ப தூங்க வச்சுருதுக்கா. அத மாத்திட்டேன். இது ஆட்டத்தத்தான் எண்ணும். வண்டில வச்சா ஒழுங்கா எண்ணாது, தொட்டில்ல போட்டா சும்மாவே எண்ணும். உடம்போட வச்சுக்கங்க. பேன்ட் பையில போட்டா நல்லது."

"பேன்ட்டுக்கு நான் எங்க போறது?" என்று கேட்டுவிட்டு வந்து, இருந்த நைட்டிக்கெல்லாம் பக்கவாட்டில் பை வைத்துத் தைத்தாள். அன்றிலிருந்து எண்ணிக்கை சரியாக வந்தது. அவள் மாட்டிக்கொண்டது அப்போதுதான் என்பேன். அதுவரை ஆப் கோளாறு என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. கொல்லைக்குப் போனாலும் தெரிந்தது. என் வீட்டில் வந்து உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் ஏன் கோடு இல்லை என்று கேள்வி வந்தது. ஒரு நாள் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்ததற்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் அம்மாவுக்கு வாதம் வந்தது. முத்துராஜ் ஆவுடைத்தாயின் பட்டன் போனில் கூப்பிட்டுச் சொன்னார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு இல்லை. கையைத் தொட்டில் மாதிரி ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்களாம். பேத்தியைக் கேட்கிறார்கள்.

"போயிட்டு வந்துரட்டுமாங்க?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

"உங்க அண்ணன மன்னிப்புக் கேக்கச் சொல்லு. அப்புறம் போ."

முத்துராஜ் கேட்கமாட்டார். மறுபடி இவள் கேட்டாள், மறுபடி அதே பதில். போனைக் கொண்டுபோனால் பஸ்ஸில் உட்காரும் நேரம் கோடில்லாமலும், பரளச்சி பஸ் ஸ்டாப்பிலிருந்து அம்மா வீடு வரை நடப்பது பெரிய கோடாகவும் நின்று காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நாள் முழுக்க ஒன்றுமே இருக்காது. பகலில் அவன் பேசுவதில்லை, ஆனால் இடைவேளைக்கு இடைவேளை பார்ப்பான்.  ஈஸ்வரி குழாயடியில் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நிற்பாள்.

நான்காம் நாள் காலையில் நான் கறிவேப்பிலை கேட்டுப் போயிருந்தேன். ஆவுடைத்தாய் மருமகளிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"போனக் குடு. பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குக் கெளம்பு."

"அவுக ஆப்புல பாப்பாகளே அத்தே."

"பாக்கட்டும். நான் தொட்டில்ல போட்டு ஆட்டுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்று வலி வரும் என்று, தெருப் பிள்ளைகள் போகிறபோக்கில் தொட்டாலே சண்டைக்கு வருகிறவர் அவர். பிள்ளை தொட்டிலில் இல்லாத நேரம் சேலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்.

ஈஸ்வரியும் அதைத்தான் கேட்டாள். "வெறுந்தொட்டிலாச்சே அத்தே?"

ஆவுடைத்தாய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து தொட்டிலில் போட்டார். பிள்ளையை முதன்முதலில் போட்ட அன்றும் அதற்கு முன் இதே குழவியைத்தான் போட்டார். அதன் பக்கத்தில் போனை வைத்து, சேலையை இழுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். "இப்ப வெறுந்தொட்டில் இல்லேல்ல? போ தாயி, பஸ்ஸு வந்துரும்."

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். வலது கை ஓய்ந்து இடது கையால் ஆட்டிக்கொண்டு இருந்தார். சோறு தொடாமல் இருந்தது. "கொஞ்சம் கையக் கால நீட்டுங்கக்கா" என்றேன்.

"எங்காத்தா கெடையில கெடந்தப்ப ஒருத்தரும் என்னைய அனுப்பல. பருத்தி எடுக்க ஆளில்லன்னுட்டாக. நீ போயி உன் சோலியப் பாரு" என்றார். கை நிற்கவில்லை.

பொழுது சாய ஈஸ்வரி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. அம்மா நல்ல கையால் பிள்ளையின் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்களாம். அப்போது வீடியோ கால் வந்தது. ஆவுடைத்தாய் போனைத் தொட்டிலிலிருந்து எடுத்து அவள் கையில் திணித்தார்.

செல்வக்குமார் சிரித்தான். "இன்னைக்குத்தான் நடந்துருக்க! காலையிலருந்து ஒரே சீரா. இனிமே தினமும் எனக்கு இது வேணும் ஈஸ்வரி. கொறஞ்சா கேப்பேன்."

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? மறுநாள் பாதம் எரிய நடந்து பார்த்தாள். தொட்டில் நடந்ததில் பாதிகூட வரவில்லை. அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றி ஆட்டுகிறார்கள். தீபலட்சுமிக்குக் கீழே பாய்.

பரளச்சியில் அம்மா தேறவில்லை. நேற்று மறுபடியும் கையை ஆட்டிக் காட்டினார்களாம். ஆவுடைத்தாய்க்குத் தோள் தூக்க முடியவில்லை, தைலம் போட்டுச் சுருண்டு கிடக்கிறார்.  ஈஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "நான் இருக்கேன், போயிட்டு வா" என்றேன்.

இப்போது சேலைத் தொட்டில் என் கையில் இருக்கிறது. உள்ளே குழவியும் போனும். கழுத்து வலிக்கிறது, அடுப்பில் உலை வைக்கவில்லை, அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல் வாய் துடிக்கிறது. போன் ஒருமுறை ஒலித்தது. எட்டிப் பார்த்தேன். "சபாஷ் ஈஸ்வரி" என்று அனுப்பியிருந்தான். நான் கையை நிறுத்தவில்லை.